வேர்டில் சமன்பாடுகளை நேராக நிறுத்தி எண்ணிடுவது எப்படி? ஆய்வறிக்கையும் டியூட்டும் தயாரிப்போருக்கு

கொழும்பில் கணிதம், பௌதிகம், பொறியியல், புள்ளிவிவரவியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் இறுதியாண்டு அறிக்கை எழுதும்போதுதான் முதன்முதலாகச் சமன்பாடுகளுக்கு எண் போடுகிறார்கள். உயர்தர இணைந்த கணித வகுப்பு எடுப்பவர்களுக்கு டியூட் (வகுப்பில் கொடுக்கும் குறிப்பும் பயிற்சியும் கொண்ட தாள்) அடிக்கத் தொடங்கும்போது அந்தத் தேவை வருகிறது. இரு தரப்பும் செய்வது ஒன்றுதான். சமன்பாட்டை நடுவில் போட்டு, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி வலது ஓரம்வரை தள்ளி, (1), (2) என்று கையால் அடிப்பது. இருபது சமன்பாடுவரை தாங்கும். பிறகு சுப்பர்வைசர் ஐந்தாவதற்கு முன்னால் ஒன்றைச் சேர்க்கச் சொல்வார். அதன் பின்னால் உள்ள எல்லா எண்களும், உரையில் அவற்றைச் சுட்டிய இடங்களும் பிழையாகிவிடும்.

இந்த வழிகாட்டி மைக்ரோசாஃப்ட் வேர்டுக்கானது. இங்கே கம்பஸிலும் டியூஷன் வகுப்பிலும் கைக்குக் கிடைப்பது அதுதான். கட்டளைகளை அடித்துச் சமன்பாடு எழுதும் லேடெக் என்ற மென்பொருள் பற்றி ஒன்பதாம் பகுதியில் கொஞ்சம் வரும். மெனுப் பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் காண்பீர்கள். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் தந்திருக்கிறது.

1. எழுதத் தொடங்கும் முன்

உங்கள் டிபார்ட்மென்ட் தரும் அறிக்கை வடிவ அறிவுறுத்தலை முதலில் கையில் எடுங்கள். அதில் நான்கு விடயங்களைத் தேடுங்கள். தாளின் ஓர அளவு, வரி இடைவெளி, சமன்பாட்டு எண் அத்தியாயவாரியாகவா அல்லது தொடர்ச்சியாகவா, எண்ணைச் சுற்றி எந்த அடைப்பு. எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் வலது ஓரத்தில், வளைந்த அடைப்புக்குள், (2.3) என்று அத்தியாயவாரியாகப் போடுங்கள். அதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

அடுத்தது தாள். வேர்ட் பல கணினிகளில் லெட்டர் அளவோடு திறக்கும். அதை ஏ4 ஆக்கி, பைண்டிங்குக்காக இடப்பக்கம் கேட்கும் கூடுதல் ஓரத்தையும் இப்போதே போட்டுவிடுங்கள். இடது 4 சென்ரிமீற்றர், வலது 2.5 என்றால் ஏ4 தாளின் 21 சென்ரிமீற்றரில் எழுதக் கிடைப்பது 14.5. பின்னால் வரும் அட்டவணை அளவு முழுக்க இந்த எண்ணில்தான் நிற்கிறது. இதைக் கடைசி வாரத்தில் மாற்றினால் எல்லா அட்டவணைகளையும் தனித்தனியாகத் திருத்த நேரிடும்.

கோப்பு புதிய டாக்எக்ஸ் வடிவத்தில் இருக்கவேண்டும். தலைப்புப் பட்டையில் "கம்பேட்டிபிளிட்டி மோட்" என்று தெரிந்தால் அது பழைய வடிவம், சமன்பாட்டுப் பொத்தான் மங்கலாகிக் கிடக்கும். "ஃபைல்", "இன்ஃபோ", "கன்வெர்ட்" என்று போனால் சரியாகிவிடும்.

பழைய டியூட் ஒன்றை வாங்கித் திருத்துபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஈக்வேஷன் எடிட்டர் 3.0 என்ற பழைய கருவியை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் காரணத்துக்காக 2018 ஜனவரியில் நீக்கிவிட்டது. அதில் எழுதிய சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரியும், அச்சாகும், ஆனால் அந்தக் கருவியில் திறந்து திருத்த இனி முடியாது. நாலைந்து சமன்பாடுதான் என்றால் யோசிக்காமல் புதிதாக அடித்துவிடுங்கள்.

எழுத்துரு இங்கே ஒரு தனிப் பிரச்சினை. பாமினியில் எழுதிப் பழகியவர்கள் இன்னும் நிறையப் பேர். பாமினி யூனிகோட் அல்ல. உள்ளே ஆங்கில எழுத்துகளை வைத்துக்கொண்டு தமிழ் உருவத்தைக் காட்டுகிறது. பாமினி வரியில் சமக் குறியை நேரடியாகத் தட்டினால் "ஸ்ரீ" வந்து நிற்பதும், கூட்டல் குறி "ூ" ஆவதும் அதனால்தான். சமன்பாட்டுப் பெட்டிக்குள் பாமினி உரையை ஒட்டினால் எதிர்மாறாக நடக்கும், எழுத்துரு மாறி ஆங்கிலக் குப்பை தெரியும். அறிக்கையைத் தொடக்கத்திலிருந்தே லதா, நிர்மலா போன்ற யூனிகோட் எழுத்துருவில் எழுதுங்கள். பழைய பாமினி உரை இருந்தால் மாற்றியில் போட்டு எடுத்துவிட்டு ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள்.

2. சமன்பாட்டுப் பெட்டியைத் திறத்தல்

விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு, புதிய வரியில் ஆல்ட் விசையை அழுத்தியபடி சமக் குறியைத் தட்டுங்கள். பெட்டி திறக்கும். தமிழ் விசைப்பலகையில் இருந்தபடி தட்டினால் பல தளக்கோலங்களில் இது வேலை செய்யாது, "என்னுடைய வேர்டில் அந்த வசதி இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள்.

பெட்டிக்குள் மௌஸைத் தேடி ஓடவேண்டியதில்லை. 3^2 என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் வர்க்கம் மேலேறும். 3/4 அடித்து ஸ்பேஸ் தட்டினால் பின்னமாகும். அடுக்கிலோ பகுதியிலோ ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பு இருந்தால் அதை அடைப்புக்குள் அடியுங்கள். பின்னமாக மாறும்போது அந்த அடைப்பு தானாக மறைந்துவிடும். சைன், லொக் போன்ற சார்புகளை அடித்து ஸ்பேஸ் தட்டினால் நிமிர்ந்த எழுத்தாக நிற்கும். தட்டாமல் விட்டால் மாறிகளைப்போலச் சாய்ந்து கிடக்கும், பரீட்சகர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

இந்த முழுக் கட்டுரையிலும் ஒன்றையே ஞாபகம் வைக்கப்போகிறீர்கள் என்றால் இதை வையுங்கள். ஒரு பந்தியில் சமன்பாடு மட்டும் தனியாக இருந்தால்தான் வேர்ட் அதைக் காட்சிச் சமன்பாடாகக் கருதும். அதே பந்தியில் ஒரு டாப், ஒரு எண், ஏன், ஒரு முற்றுப்புள்ளி வந்து சேர்ந்தாலும் உடனே அதை வரிக்குள் வரும் சமன்பாடாக மாற்றிவிடும். மாறியதும் பின்னங்கள் சிறுக்கும், ∑ குறியின் மேல் கீழ் எல்லைகள் பக்கத்துக்கு நகரும், ∫ குள்ளமாகும். "டாப் வைத்து எண் போட்டேன், சமன்பாடு சின்னதாகிவிட்டது" என்ற புலம்பலுக்கெல்லாம் காரணம் இதுதான். எழுத்தளவைக் கூட்டி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், எண்ணை வேறு பந்திக்கு அனுப்புங்கள். ஆறாம் படியின் அட்டவணை அதற்காகத்தான்.

வரி இடைவெளியிலும் ஒரு பொறி. "எக்ஸாக்ட்லி" என்று புள்ளிக்கணக்கில் இடைவெளி கட்டியிருந்தால் உயரமான பின்னத்தின் தலை வெட்டுப்பட்டுத் தெரியும். 1.5 வரி என்பது போன்ற மடங்கு இடைவெளியில் இந்தப் பிரச்சினை வராது.

பெட்டிக்குள் தமிழ்ச் சொல் எழுதுவதை இயன்றவரை தவிருங்கள். சமன்பாட்டுக்குப் பயன்படும் கேம்ப்ரியா மத் எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே கிடையாது. "ஆயின்", "எனின்" போன்ற சொற்கள் உள்ளே கட்டாயம் வேண்டுமென்றால், அவற்றைத் தெரிவுசெய்து மேலுள்ள "நார்மல் டெக்ஸ்ட்" பொத்தானை அழுத்தி, எழுத்துருவைத் தமிழுக்கு மாற்றுங்கள். பிறகு கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

3. பல வரிகளைச் சமக் குறியில் நிறுத்துதல்

இப்படி ஒரு சுருக்கல் உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள்:

(3 + 4)² = 3² + 2 × 3 × 4 + 4²
= 9 + 24 + 16
= 49

மூன்று சமக் குறிகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரவேண்டும். முதல் வரியை அடித்ததும் என்டர் தட்டாதீர்கள். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு என்டர் தட்டுங்கள். இரண்டாம் வரியைச் சமக் குறியிலேயே தொடங்கலாம். மூன்றையும் அடித்த பின், மூன்று வரிகளையும் சேர்த்துத் தெரிவுசெய்து வலது கிளிக் செய்தால் "அலைன் அட் =" என்று ஒரு தெரிவு வரும். அதை அழுத்தினால் வேலை முடிந்தது.

அந்தத் தெரிவு வரவில்லையா? வெறும் என்டர் தட்டியிருக்கிறீர்கள். மூன்றும் மூன்று பந்திகளாகப் பிரிந்திருக்கும், வேர்டுக்கு அவை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை. பந்திமுடிவை அழித்து ஷிஃப்டோடு மீண்டும் தட்டுங்கள்.

சமனிலிகளில் ≤ குறியின் கீழ் நிறுத்தவேண்டி வரும். அப்போது ஒவ்வொரு வரியிலும் அந்தக் குறியின் மேல் வலது கிளிக் செய்து "அலைன் அட் திஸ் கரெக்டர்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

ஒரு வரியில் ஒரு சமக் குறிக்கு மேல் வைக்காதீர்கள். தாள் மிச்சம் என்று இரண்டு மூன்று படிகளை ஒரே வரியில் சங்கிலியாகக் கோத்தால், நிறுத்துவதும் கஷ்டம், வாசிப்பதும் கஷ்டம்.

4. ஒரு வரிக்குள் அடங்காதது

நீளமான சமன்பாட்டை வேர்ட் தானே முறிக்கும், ஆனால் அது முறிக்கும் இடம் பெரும்பாலும் நீங்கள் விரும்பும் இடமாக இராது. முறிக்கவேண்டிய கூட்டல் அல்லது கழித்தல் குறியில் வலது கிளிக் செய்து "இன்சர்ட் மேனுவல் பிரேக்" கொடுங்கள். குறி அடுத்த வரியின் தலையில் வரவேண்டும், முந்திய வரியின் வாலில் அல்ல. காட்சிச் சமன்பாட்டில் அதுதான் வழக்கம். அடைப்புக்குள்ளே முறிப்பதைத் தவிருங்கள், வெளியே உள்ள குறியைத் தேடுங்கள்.

5. அத்தியாயத் தலைப்புகளுக்கு எண்

சமன்பாட்டு எண் (2.3) என்று வரவேண்டுமென்றால், அந்த 2 எங்கிருந்தோ வரவேண்டும். வேர்ட் அதை "ஹெடிங் 1" பாணியில் உள்ள தலைப்பின் தானியங்கி எண்ணிலிருந்து எடுக்கிறது. "அத்தியாயம் 2" என்று கையால் அடித்து, தடித்த எழுத்தாக்கி, பெரிதாக்கி வைத்திருந்தால் வேர்டின் கண்ணில் அது சாதாரண வரிதான். அப்போது எண்ணிருக்கவேண்டிய இடத்தில் 0 வரும், அல்லது "எரர்!" என்று தொடங்கும் ஒரு நீண்ட வரி வந்து நிற்கும்.

ஆகவே தலைப்புகளுக்கு முதலில் "ஹெடிங் 1" பாணியைக் கொடுங்கள். பிறகு "ஹோம்" பட்டையில் "மல்ட்டிலெவல் லிஸ்ட்" பொத்தானைத் திறந்து, ஹெடிங்குகளோடு இணைந்திருக்கும் வடிவம் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். இது பத்து நிமிட வேலை. பொருளடக்கத்தைத் தானாக எடுக்கவும் இதே பாணிகள்தான் வேண்டும் என்பதால் இந்தப் பத்து நிமிடம் வீணாகாது.

டியூட்டுக்கு அத்தியாய எண் தேவையில்லை. இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

6. எண்ணுக்கான அட்டவணை

ஒரு வரி, மூன்று நிரல் கொண்ட, கோடில்லாத அட்டவணை. நடு நிரலில் சமன்பாடு, வலது நிரலில் எண், இடது நிரல் வெறுமை. அந்த வெறும் நிரல் எதற்கு என்று கேட்பீர்கள். அது இல்லாவிட்டால் சமன்பாடு தாளின் நடுவில் நிற்காது, எண் பிடித்துக்கொண்ட இடத்தின் பாதியளவு இடப்பக்கம் ஒதுங்கிவிடும். நடு நிரலில் சமன்பாடு தன் பந்தியில் தனியாக இருப்பதால் காட்சிச் சமன்பாடாகவே நிற்கும், சிறுக்காது.

அமைக்கும் முறை இது. "இன்சர்ட்", "டேபிள்" வழியாக மூன்று நிரல், ஒரு வரி எடுங்கள். "டேபிள் ப்ரொப்பர்ட்டீஸ்" திறந்து நிரல் அகலங்களை 1.5, 11.5, 1.5 சென்ரிமீற்றர் என்று கொடுங்கள். கூட்டினால் முதற்படியில் கண்ட 14.5. உங்கள் ஓர அளவு வேறென்றால் நடு நிரலை மட்டும் கூட்டிக் குறையுங்கள். அதே இடத்தில் "ஒப்ஷன்ஸ்" பொத்தானுக்குள் போய்க் கலங்களின் இட வல உள் ஓரத்தைப் பூச்சியம் ஆக்குங்கள். வழக்கமாக ஒவ்வொரு பக்கமும் 0.19 சென்ரிமீற்றர் இருக்கும், அதை விட்டுவைத்தால் (10.12) போன்ற நீண்ட எண் இரண்டு வரியாக உடையும். அங்கேயே "ஒட்டோமெட்டிக்கலி ரீசைஸ்" என்று தொடங்கும் பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் நீளமான சமன்பாடு வந்த அன்றைக்கு அது எண் நிரலை நசுக்கிவிடும்.

"ரோ" தாவலில் "அலவ் ரோ டு பிரேக்" என்று தொடங்கும் அடையாளத்தையும் எடுத்துவிட்டால், ஒரு சுருக்கல் பாதி இந்தப் பக்கம் பாதி அடுத்த பக்கம் என்று பிரியாது. கலங்களின் நிலைக்குத்து அமைவு "சென்டர்". பல வரிச் சுருக்கலில் கடைசி வரிக்கு மட்டும் எண் என்றால் வலது கலத்தை "பொட்டம்" ஆக்கலாம். பந்தியின் முதல்வரி உள்ளொதுக்கம் மூன்று கலங்களிலும் பூச்சியமாக இருக்கட்டும். உங்கள் வழமையான பந்திப் பாணியில் 1.27 சென்ரிமீற்றர் உள்ளொதுக்கம் இருந்தால் அது இங்கேயும் தொற்றிக்கொண்டு வரும், எண் இரண்டு வரியாக உடைவதற்கு இதுவும் காரணமாகலாம். கடைசியாகக் கோடுகளை "நோ போர்டர்" ஆக்குங்கள்.

இனி எண். அட்டவணைக்குள் நின்றுகொண்டு எண்ணைக் கேட்டால், அது அட்டவணைக்கான தலைப்பு என்று நினைத்து வேர்ட் மேலேயோ கீழேயோ போட்டுவிடக்கூடும். அதனால் அட்டவணைக்கு வெளியே ஒரு வெற்று வரியில் நில்லுங்கள். "ரெஃபரன்சஸ்", "இன்சர்ட் கேப்ஷன்" திறந்து "லேபல்" இடத்தில் "ஈக்வேஷன்" தெரிவுசெய்யுங்கள். "எக்ஸ்க்ளூட் லேபல்" என்று தொடங்கும் பெட்டியில் சரி அடையாளம் போடுங்கள், அப்போதுதான் ஆங்கிலச் சொல் வராமல் எண் மட்டும் வரும். "நம்பரிங்" பொத்தானுக்குள் அத்தியாய எண்ணைச் சேர்க்கும் தெரிவை இட்டு, பிரிக்கும் குறியாகப் புள்ளியைக் கொடுங்கள். வழக்கமாக அங்கே சிறுகோடு இருக்கும், மாற்றாவிட்டால் 2-1 என்று வரும், கழித்தலோ என்று வாசிப்பவர் தடுமாறுவார்.

வந்த எண்ணின் இரு பக்கமும் அடைப்புக் குறி போட்டு, வெட்டி, வலது கலத்தில் ஒட்டி, வலப்பக்கமாக நிறுத்துங்கள். அந்தக் கலத்தில் அடைப்பும் எண்ணும் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. அடுத்த படி அதை நம்பித்தான் இருக்கிறது.

இதை ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் செய்வதா என்று பயப்படவேண்டாம். அட்டவணை முழுவதையும் தெரிவுசெய்து ஆல்ட், எஃப்3 தட்டுங்கள். பெயர் கேட்கும். "சமன்" என்றோ வேறொன்றோ குறுகிய பெயர் கொடுங்கள். இனி வேண்டிய இடத்தில் அந்தப் பெயரை அடித்து எஃப்3 தட்டினால் அட்டவணை எண்ணோடு வந்து நிற்கும். எண் பழையதாகத் தெரிந்தால் அதன் மேல் வைத்து எஃப்9 தட்டுங்கள். மடிக்கணினிகளில் எஃப் விசைகளோடு எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்கவேண்டியிருக்கும்.

வேர்டை மூடும்போது "பில்டிங் பிளொக்ஸ்" கோப்பைச் சேமிக்கவா என்று ஒரு கேள்வி வரும். பழக்கதோஷத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் செய்துவைத்தது போய்விடும். சேமியுங்கள். அந்தக் கோப்பு உங்கள் கணினியில்தான் இருக்கிறது, நூலகக் கணினியிலோ நண்பரின் கணினியிலோ எஃப்3 வேலை செய்யாது. அங்கே பழைய அட்டவணை ஒன்றைக் கொப்பி செய்து ஒட்டினாலும் போதும், எஃப்9 தட்டியதும் எண் சரியாகும்.

எல்லாவற்றுக்கும் எண் போடாதீர்கள். உரையில் பின்னர் எங்காவது சுட்டப்போகும் சமன்பாட்டுக்கு மட்டும் போட்டால் போதும்.

7. உரையில் எண்ணைச் சுட்டுதல்

"சமன்பாடு (2.3) இலிருந்து" என்று எழுதும்போது அந்த எண்ணையும் கையால் அடிக்கக்கூடாது. "ரெஃபரன்சஸ்", "க்ரொஸ்-ரெஃபரன்ஸ்" திறந்து, வகையில் "ஈக்வேஷன்" தெரிவுசெய்தால் பட்டியல் வரும். "இன்சர்ட் ரெஃபரன்ஸ் டு" என்ற இடத்தில் "என்டயர் கேப்ஷன்" என்பதைக் கொடுங்கள். கலத்தில் அடைப்பும் எண்ணும் மட்டுமே இருப்பதால் (2.3) என்று முழுமையாக வரும். அதன் கீழுள்ள "ஒன்லி லேபல் அன்ட் நம்பர்" பொருத்தமாகத் தோன்றும், ஆனால் அது எண்ணோடு நின்றுவிடும். மூடும் அடைப்பில்லாமல் (2.3 என்று வரும். அச்சான அறிக்கைகளில் இந்தப் பாதி அடைப்பைப் பார்த்திருப்பீர்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் உரிய ஒரு பொறி இங்கே உண்டு. நாம் எண்ணோடு உருபைச் சேர்த்து எழுதுகிறோம்: (2.3)ஐ, (2.3)இல், (2.3)இன்படி. எண்ணின் மேல் கிளிக் செய்தால் அது சாம்பல் நிறமாகத் தெரியும். அந்தச் சாம்பலுக்குள்ளே உருபை அடித்துவிட்டால் பார்க்க ஒன்றும் வித்தியாசம் இராது. அடுத்தமுறை எஃப்9 தட்டும்போது எண் புதுப்பிக்கப்படும், உருபு காணாமற்போகும். "சமன்பாடு (2.3) பிரதியிட" என்று வாக்கியம் மொட்டையாக நிற்கும். ஆகவே வலது அம்புக்குறியால் வெளியே வந்து, சாம்பல் நிறம் போனபின் உருபை அடியுங்கள். இடைவெளி விட்டு எழுதுவதானால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்துத் தட்டுங்கள். "ஐ" மட்டும் அடுத்த வரிக்குத் தனியாகத் தாவுவதை அந்த இடைவெளி தடுக்கும்.

"மேலுள்ள சமன்பாடு" என்று எழுதுவதையும் விடுங்கள். பக்கம் மாறினால் அது மேலே இராது.

சமன்பாடு ஒன்றைச் சேர்த்தாலோ நீக்கினாலோ கன்ட்ரோல் ஏ தட்டி எல்லாவற்றையும் தெரிவுசெய்து எஃப்9 தட்டுங்கள். பொருளடக்கம் பற்றிய கேள்வி வந்தால் முழுவதையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அடிக்குறிப்புக்குள்ளும் உரைப்பெட்டிக்குள்ளும் உள்ள சுட்டுகள் இதில் அடங்கா, அங்கே தனியே போய்த் தட்டவேண்டும்.

8. குறுக்குவழி ஒன்று

மைக்ரோசாஃப்ட் 365, வேர்ட் 2019 போன்ற புதிய பதிப்புகளில், பெட்டிக்குள் சமன்பாட்டின் கடைசியில் #(1) என்று அடித்து என்டர் தட்டினால், (1) தானாக வலது ஓரத்துக்குப் போய்விடும், சமன்பாடும் சிறுக்காது. ஐந்தாறு சமன்பாடு கொண்ட டியூட்டுக்கு இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் அந்த 1 நீங்கள் கையால் அடித்தது, தானாக மாறாது. ஆய்வறிக்கைக்கு இதை நம்பாதீர்கள். # இன் பின்னால் தானியங்கி எண்ணை நுழைக்கவும் வழி இருக்கிறது, ஆனால் அதை உரையில் சுட்டப்போனால் எண்ணோடு முழுச் சமன்பாடும் கூடவே வந்து விழும். அட்டவணையே மேல்.

9. வேர்ட் போதாத இடங்கள்

சமக் குறியில் நிறுத்திய ஐந்து வரிகளில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்றால் வேர்டில் ஒழுங்கான வழி கிடையாது. ஒரு பெட்டிக்கு ஒரு எண்தான். ஐந்து வரி அட்டவணையில் பிரித்துப் போட்டால் எண்கள் கிடைக்கும், சமக் குறிகள் விலகிவிடும். இடப்பக்கம், சமக் குறி, வலப்பக்கம் என்று மேலும் நிரல்களாகப் பிரித்து ஒப்பேற்றலாம். ஒரு முறைக்குப் பரவாயில்லை. அத்தியாயம் முழுக்க அப்படி என்றால் லேடெக்குக்கு மாறுங்கள்.

லேடெக் இலவசம். ஓவர்லீஃப் தளத்தின் இலவசக் கணக்கில் உலாவியிலேயே எழுதலாம், கணினியில் எதையும் நிறுவவேண்டாம். ஏஎம்எஸ்மத் பொதியைச் சேர்த்து "அலைன்" சூழலைப் பயன்படுத்துங்கள். சமக் குறிக்கு முன்னால் & வையுங்கள், வரி முடிவில் \\ வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எண் தானாக விழும், வேண்டாத வரியில் "நோடேக்" கட்டளை கொடுத்தால் எண் விலகும். முழுச் சுருக்கலுக்கும் ஒரே எண் என்றால் "ஈக்வேஷன்" சூழலுக்குள் "ஸ்ப்ளிட்". புதியவர்கள் விழும் குழிகள் நான்கு. கடைசி வரியின் பின்னும் \\ வைத்தால் வெறும் வரிக்கு ஒரு எண் விழும். சூழலுக்குள் வெற்று வரி விட்டால் பிழை வரும். பழைய "ஈக்என்அரே" சூழல் சமக் குறியைச் சுற்றி அளவுக்கு மீறி இடைவெளி விடும், அதைத் தொடவேண்டாம். சுட்டிய எண் இருக்கவேண்டிய இடத்தில் ?? தெரிந்தால் கோப்பை இன்னொருமுறை இயக்கவேண்டும், அல்லது பெயரைப் பிழையாக அடித்திருக்கிறீர்கள்.

தமிழில் எழுதுவதானால் வழமையான பிடிஎஃப்லேடெக் உதவாது. சீலேடெக் அல்லது லூவாலேடெக் இயக்கியைத் தெரிவுசெய்து யூனிகோட் எழுத்துருவைக் கொடுக்கவேண்டும். லூவாலேடெக்கில் எழுத்துருவுக்கு ஹார்ஃப்பஸ் தெரிவையும் சேர்த்தால்தான் கொம்பு உரிய இடத்தில் நிற்கும். முதன்முறை பழக ஒரு வாரம் ஒதுக்குங்கள். சமர்ப்பிக்கும் மாதத்தில் மாறவேண்டாம்.

வேர்ட் வாங்க வசதியில்லாதவர்களுக்கு லிப்ரே ஒஃபிஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். அதன் ரைட்டரில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் எஃப், என் என்ற இரண்டையும் அடித்து எஃப்3 தட்டினால் எண்ணோடு கூடிய சமன்பாட்டு அட்டவணை தயாராக வரும். ஆறாம் படியில் நாம் கையால் கட்டியதை அது பிறவியிலேயே வைத்திருக்கிறது. ஆனால் சுப்பர்வைசர் வேர்டில் திருத்தித் தருபவர் என்றால் இரண்டுக்கும் இடையே கோப்பை அனுப்பி வாங்காதீர்கள். கூகுள் டொக்ஸில் தானியங்கிச் சமன்பாட்டு எண் கிடையாது.

10. அச்சுக்குக் கொடுக்கும் முன்

கடைசியாக ஒருமுறை கன்ட்ரோல் ஏ, எஃப்9. பிறகு தேடல் பெட்டியில் "எரர்!" என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். நீக்கிய சமன்பாட்டைச் சுட்டிக்கொண்டிருக்கும் இடங்களெல்லாம் அகப்படும். பக்கங்களை ஒருமுறை கண்ணால் ஓட்டி, பாதி அடைப்பும் வெட்டுப்பட்ட பின்னமும் இருக்கிறதா பாருங்கள். நூறு பக்க அறிக்கைக்கு இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

கடைக்கு வேர்ட் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். வெள்ளவத்தையிலோ நுகேகொடையிலோ எந்தக் கொமியூனிகேஷனில் திறந்தாலும், அங்குள்ள வேர்ட் பதிப்பு வேறாக இருக்கும், உங்கள் தமிழ் எழுத்துரு இராது, வரிகள் நகர்ந்து பக்கம் கூடும். வீட்டிலேயே "சேவ் அஸ்" வழியாகப் பிடிஎஃப் ஆக்கி, பென் ட்ரைவில் ஒன்றும் மின்னஞ்சலில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சிடுபவரிடம் "ஃபிட்" வேண்டாம், "அக்சுவல் சைஸ்" என்று சொல்லுங்கள். ஃபிட்டில் போட்டால் பக்கம் சற்றே சுருங்கி, அளந்து வைத்த பைண்டிங் ஓரம் மாறிவிடும்.

சமன்பாட்டுப் பக்கங்கள் கறுப்பு வெள்ளைதான். கலர்ப் பக்கத்துக்குத் தனி விலை என்பதால், கலர் வரைபுள்ள பக்கங்களின் எண்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் அவற்றை மட்டும் கலரில் எடுக்கச் சொல்லுங்கள். விலை கடைக்குக் கடை வேறுபடும், பக்க எண்ணிக்கையைச் சொல்லி முதலே கேளுங்கள். எல்லாப் பிரதியும் எடுக்குமுன், சமன்பாடு நிறைந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பார்த்து, அடுக்கில் உள்ள சிறிய எண்கள் தெளிவாக வாசிக்க முடிகிறதா பாருங்கள். டியூட் என்றால் அந்தப் பக்கத்தைப் போட்டோகொப்பியும் எடுத்துப் பாருங்கள், அச்சில் தெரிந்த தசமப் புள்ளி கொப்பியில் மறைந்துவிடுவதுண்டு. ஹார்ட் பைண்டிங்குக்கு எத்தனை நாள் என்பதை அச்சுக்குக் கொடுக்கும் அன்றே கேட்டு, சமர்ப்பிக்கும் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நடுவில் போயா விடுமுறை வருகிறதா என்று கலண்டரையும் பாருங்கள்.